அத்தையின் மேலுப்பு

பெரியவளே, சின்னவனே,

போன மாதம் நீங்கள் இரண்டு பேரும் சேர்ந்து அனுப்பிய உப்புப் பெட்டி நல்லபடியாக வந்து சேர்ந்தது. சின்னச் சின்னக் கண்ணாடிக் குப்பிகள். ஒன்றில் ரோஜா நிறம். ஒன்றில் கரியைப் போலக் கறுப்பு. ஒன்று புகையில் வாட்டியதாம், மூடியைத் திறந்தால் விறகடுப்பு வாசம். இன்னொன்றில் மீன் செதிலைப் போல மெலிசாக, வெள்ளையாக. பெரியவளே, நீ போனில் முகம் காட்டி எனக்குப் பாடமே நடத்தினாய். "அப்பா, இதக் கொழம்புல போட்டுக் கொதிக்க வெச்சுராதீங்க. எல்லாம் ஆக்கி முடிச்சு, தட்டுல போட்ட பொறவு மேல ஒரு சிட்டிகை தூவோணும். உங்க காலத்துல இதெல்லாம் ஏது?" என்றாய்.

நான் "சரி சாமி" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன். அப்பாவுக்குப் பிடிக்கவில்லையா என்று பிறகு அம்மாவிடம் கேட்டாயாம். பிடிக்காமல் இல்லை. அந்த மெலிசு உப்பை நாக்கில் வைத்ததும் எனக்குப் பேச்சு வரவில்லை, அவ்வளவுதான். போனில் சொல்லியிருக்கவும் முடியாது. அதனால் எழுதுகிறேன். நான் பத்தாவதோடு நின்றவன், லாரிக்கு பாடி கட்டும் பட்டறையிலேயே காலத்தைக் கழித்தவன். எழுத்து முன்னே பின்னே இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் அத்தப்பாட்டி என்று கூப்பிட்டீர்களே, என் அப்பாவின் தங்கை, என் அத்தை, அவளைப் பற்றித்தான் சொல்லப் போகிறேன். உங்களுக்குத் தெரிந்தது குழம்பில் உப்பை அள்ளிப் போடுகிற கிழவியைத்தான். "அத்தப்பாட்டி கடல் தண்ணியிலயே சோறாக்குது" என்று சின்னவன் ஒருமுறை சொல்லி எல்லோரும் சிரித்தோம். அவளும் சிரித்தாள். அவள் சின்னப் பெண்ணாக இருந்தபோது, நீங்கள் இப்போது கண்ணாடிக் குப்பியில் வாங்கும் இந்த உப்பெல்லாம் சங்ககிரிக்குத் தெற்கே தோட்டக் காட்டுக்குள் இருந்த நம் ஓட்டு வீட்டில், அவளுடைய அடுப்புமேடைக்கு மேல் வரிசையாக இருந்தது. சொன்னால் நம்ப மாட்டீர்கள்.

உங்கள் தாத்தா லாரி டிரைவர். போகும்போது சேலத்து ஜவ்வரிசி, வரும்போது உப்பு. இரண்டும் வெள்ளை மூட்டை. ஏறும் மூட்டைக்கு மரவள்ளி மாவு வாசம், இறங்கும் மூட்டைக்குக் கடல் வாசம். உப்பு லோடு அடிக்கிற வண்டியை உப்பு தின்றுவிடும். போல்ட்டு நட்டெல்லாம் பொரிந்து கையோடு வரும். பட்டறையில் அப்படி ஒரு வண்டி வந்தால் இன்றைக்கும் நான் குனிந்து ஒருமுறை மோந்து பார்ப்பேன். கூட வேலை செய்பவர்கள் சிரிப்பார்கள்.

அப்பா ஒவ்வொரு நடைக்கும் தங்கைக்கென்று ஒரு உப்புக் கொண்டுவருவார். புடவை, வளையல் என்று கேட்காத பெண். "அண்ணா, அந்த ஊரு உப்பு எப்படி இருக்கும்?" என்பாள். அதுதான் அவள் கேட்பது. குஜராத்தின் கோடியில் கட்ச் என்று ஒரு பொட்டல். பூமிக்கு அடியிலிருந்து உவர்த் தண்ணீரை இறைத்துப் பாத்தி கட்டி, மாதக்கணக்கில் காய விடுவார்களாம். அங்கே விளைந்தது கற்கண்டுக் கட்டிபோல இருக்கும், கடித்தால் பல் கூசும். ராஜஸ்தானத்தில் ஒரு ஏரியே உப்பு. அது கொஞ்சம் மங்கலாக இருக்கும், மழை பெய்த மண்ணின் வாடை வரும். பஞ்சாபிக்காரர் ஒருவர் சாலையோரம் நடத்திய ஓட்டலில் வாங்கிவந்தது ரோஜா நிறக் கல். கடலே இல்லாத இடத்தில் மலையைக் குடைந்து வெட்டுவது, நாம் இந்துப்பு என்கிறோமே, அது.

கறுப்பு உப்பு வந்த அன்றைக்கு வீட்டில் ஒரே ரகளை. கல் உப்போடு கடுக்காய் சேர்த்துச் சூளையில் வேகவைப்பார்கள் என்று அப்பா சொல்லிக்கொண்டே பொட்டலத்தைப் பிரித்தார். அவித்த முட்டை நாற்றம் வீடு முழுவதும் பரவியது. என் அம்மா மூக்கைப் பொத்திக்கொண்டு, "நாமக்கல்லுல முட்டைக்குப் பஞ்சம்னு வடக்க போயி நாத்தத்த மட்டும் கட்டீட்டு வந்தீங்களாக்கும்!" என்றாள். அத்தை கொல்லைக்குப் போய் ஒரு மாங்காயைப் பறித்துவந்து கீறி, அந்த உப்பை நுணுக்கித் தூவி அம்மாவின் வாயில் ஊட்டினாள். அம்மா மென்றாள். மென்றுகொண்டே இருந்தாள். பிறகு, "இன்னொரு கீத்து குடு" என்றாள்.

அத்தைக்கு இதை யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. குழம்பிலும் சோற்றிலும் உப்பைக் குறைத்தே போடுவாள். பரிமாறியபின் மேலே தூவுவாள். அதற்கு அவளாக வைத்த பெயர் மேலுப்பு. எல்லாவற்றுக்கும் ஒரே உப்பு கிடையாது. தயிர் விட்ட கம்மஞ்சோற்றுக்கு இந்துப்பு. மேச்சேரி ஆட்டுக்கறி வறுத்தால் கட்ச் உப்பை அம்மியில் ஒன்றிரண்டாகத் தட்டிப் போடுவாள், கறிக்கு நடுவே நறுக் நறுக்கென்று கடிபடும். அவித்த மரவள்ளிக் குச்சிக்கிழங்குக்கும், நெய் விட்ட அரிசியும்பருப்புஞ்சோற்றுக்கும் தூத்துக்குடிப் பூ உப்பு. நல்ல வெயில் காய்ந்த நாளில் உப்பளத்துப் பாத்தித் தண்ணீரின் மேல் பாலாடை மாதிரி ஒரு ஏடு கட்டும். அது அடியில் போய் அமிழ்வதற்கு முன்னால் கையால் வழித்து எடுப்பார்கள். அதுதான் பூ உப்பு. அசல் மல்லிகை இதழ் மாதிரியே இருக்கும். கிழங்கு ஆவி பறக்கும்போது போட்டால் கரைந்துவிடும். அதனால் அத்தை தட்டை முகத்துக்கு நேரே தூக்கி ஊதுவாள். நான் பசியில் குதிப்பேன். "இருடா சாமி, சித்த ஆறட்டும். இப்பப் போட்டா ஏமாந்து போவ" என்பாள். பிறகு இரண்டு விரலால் எடுத்து, உயரத்திலிருந்து உதிர்ப்பாள். முதலில் நாக்கில் உப்பு உடையும் சத்தம் வரும், அதற்கப்புறம்தான் கிழங்கின் மாவு இனிப்பு வரும்.

"ஊருல எல்லாரும் சோத்துக்கு உப்புப் போடுவாங்க. இவ உப்புக்குச் சோறு போடறா" என்பாள் அம்மா.

"கொதியில போட்டா உப்பு செத்துப் போயிருதுங்க அண்ணி. மேல போட்டா உசுரோட வருது" என்பாள் அத்தை.

நான் சிறுவனாக இருந்த ஒரு வருடம் வைகாசியில் எடப்பாடிப் பக்கமிருந்து ஒரு இடம் வந்தது. மாப்பிள்ளைக்குக் கொஞ்சம் மானாவாரிக் காடு, ஒரு தறிக் கொட்டகை. வருவதாகச் சொன்ன நாளுக்கு முந்தின நாளே வந்து வாசலில் நின்றார்கள். வீட்டில் பலகாரம் ஒன்றும் இல்லை. அடுப்பில் குச்சிக்கிழங்கு மட்டும் வெந்துகொண்டிருந்தது. அம்மா தலையில் கை வைத்துக்கொண்டாள். அத்தை தட்டில் கிழங்கை அடுக்கி, ஊதி, பூ உப்பைத் தூவி அனுப்பினாள்.

மாப்பிள்ளை தலை நிமிராமல் சாப்பிட்டார். தட்டு காலியானதும் மெல்ல, "இன்னும் ரெண்டு துண்டு கெடைக்குமுங்களா?" என்றார். கூடமே சிரித்துவிட்டது.

"ஏனுங்க, எங்கூட்டுல கெழங்குன்னா எந்திரிச்சு ஓடறவனுங்க இவன்!" என்று அவருடைய அம்மா தன் முழங்காலில் தட்டிக்கொண்டார்.

கதவுக்குப் பின்னாலிருந்து அத்தை என் காதில், "மேலுப்பு வேணுமான்னு கேளு" என்றாள். நான் போய்க் கேட்டேன். அவர் கதவுப் பக்கம் பார்த்து, "அதுக்குத்தானுங்க கேட்டதே" என்றார். கதவுக்குப் பின்னால் வளையல் சத்தமும் சிரிப்பும் கேட்டன. அத்தை அப்படிச் சிரித்து அதற்கு முன்னால் நான் கேட்டதில்லை. அன்றைக்கே எல்லாருக்கும் தெரிந்துவிட்டது, இந்த இடம் முடிந்தது என்று. எனக்குக்கூடத் தெரிந்துவிட்டது.

நம் சனத்தில் உப்புச்சர்க்கரை மாற்றுவது என்று ஒரு சடங்கு உண்டல்லவா? பெரியவளுக்குச் செய்தபோது பார்த்திருக்கிறீர்கள். பேச்சு உறுதியானதற்கு அடையாளமாக இரண்டு வீட்டாரும் உப்பும் நாட்டுச் சர்க்கரையும் வைத்து மாற்றிக்கொள்வது. அதற்குப் பிறகு அந்தப் பெண் பாதி அந்த வீட்டுப் பெண். வழக்கமாக ஊர்க் கடையில் ஒரு படி கல் உப்பு வாங்கி வைப்பார்கள், அதில் யாரும் நல்லது பொல்லாதது பார்ப்பதில்லை. ஆனால் அப்பாவுக்கு மனசு கேட்கவில்லை. "உப்பு லாரிக்காரன் தங்கச்சிக்குக் கடை உப்பா?" என்றார். முதலாளியிடம் தூத்துக்குடி நடையைக் கேட்டு வாங்கிக்கொண்டு போய், உப்பளத்தில் சொல்லி வைத்து, புதுப் பூ உப்பாகப் பனையோலைப் பெட்டி நிறையக் கொண்டுவந்தார். வழியெல்லாம் இஞ்சின் சூட்டில் படாமல் தன் சீட்டுக்குப் பக்கத்திலேயே வைத்து, கிளீனரை மூட்டைமேல் உட்காரச் சொல்லிவிட்டாராம்.

ஆவணியில் நாள் பார்த்தார்கள். முந்தின நாளிலிருந்தே மழை. நம் பக்கத்து மழையா அது என்று எல்லோரும் ஆச்சரியப்படும்படி விடாத தூறல். சுவரெல்லாம் ஈரம் கோத்து, துணி உலரவில்லை, தீப்பெட்டி நமுத்துவிட்டது. விடிகாலையிலேயே அப்பா பூ உப்பைப் புதுப் பித்தளைத் தாம்பாளத்தில் கோபுரமாகக் குவித்து, பட்டுத் துணி போட்டு மூடிச் சாமிப் படத்துக்கு முன்னால் வைத்துவிட்டார். உறம்பரைச் சனம் எல்லாம் வந்து சேர்ந்து, சடங்கு நடத்திவைக்கும் அருமைக்காரர் வந்து உட்கார வெயில் நேரம் ஆகிவிட்டது. வெயில்தான் இல்லை.

அருமைக்காரர் துணியை எடுத்தார்.

கோபுரம் இல்லை. நடுவில் கொஞ்சம் வெள்ளைக் களி, சுற்றிலும் தெளிந்த தண்ணீர். துணி ஓரத்திலிருந்து சொட்டுச் சொட்டாகப் பாயில் விழுந்தது. மாப்பிள்ளை வீட்டுக் கூட்டத்தில் வயதான ஒரு அம்மாள், "அய்யய்யோ, உப்பு அழுவுது!" என்றாள்.

மாப்பிள்ளையின் அம்மா உடனே அந்த அம்மாளின் கையைப் பிடித்து அமுக்கினார். "மழைக்கு உப்பு கசியாம என்னங்க பண்ணும்? ஏனுங் அம்மிணி, அடுப்படியில கல்லுப்பு இருந்தா ஒரு கை கொண்டாங்க. சோலியப் பாப்போம்" என்று என் அம்மாவைப் பார்த்துச் சொன்னார். அம்மா ஓடிப்போய் உப்புச் சாடியோடு வந்தாள். சடங்கு நடந்தது. பந்தி நடந்தது. ஐப்பசியில் கல்யாணம் என்று பேசி, சிரித்து, வெற்றிலை போட்டு, எல்லோரும் போனார்கள்.

எனக்கு அன்றைக்குச் சாப்பாட்டு ருசிதான் ஞாபகம். அப்பா இலையில் கை வைக்காமல் இருந்ததும் ஞாபகம் இருக்கிறது. அந்தத் தாம்பாளத்தை அவரே எடுத்துக்கொண்டு போய்க் கிணற்றடி வாழைக்குக் கீழே கொட்டிவிட்டு வந்தார். அத்தை அவரைப் பார்த்து, "போனாப் போச்சுதுங்க அண்ணா, அடுத்த நடைக்குக் கொண்டாருங்க" என்று சிரித்தாள். அவருக்குச் சிரிப்பு வரவில்லை.

மறுநாளிலிருந்து அப்பா வண்டி எடுக்கவில்லை. நடு வீட்டில் உட்கார்ந்துகொண்டு, "உப்பு மகாலட்சுமி. அது தண்ணியாப் போறதுன்னா என்ன அர்த்தம்?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். அம்மா, "மழைன்னு அர்த்தம்" என்றாள். அவர் காதில் ஏறவில்லை.

கடைசியில் குலதெய்வக் கோயிலுக்குப் பூ கேட்கப் போனார். என்னையும் கூட்டிக்கொண்டு போனார். அம்மன் தலையில் பூ வைத்துவிட்டு, மனதில் கேள்வியை நினைத்துக்கொண்டு நிற்க வேண்டும். வலது பக்கம் விழுந்தால் நல்லது, இடது பக்கம் விழுந்தால் வேண்டாம். பூசாரி சந்தனம் அப்பி ஒரு வெள்ளை அரளியை வைத்தார். நின்றோம். கோயில் ஓட்டிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. பூ விழவில்லை. வலதிலும் இல்லை, இடதிலும் இல்லை. என் கால் வலிக்க ஆரம்பித்தது.

"சந்தனம் ஈரமுங்க. பூ ஒட்டிக்கிச்சு. சித்த காத்திருங்க, இல்லாட்டி வெயில் வந்தொடனே இன்னொரு நாளைக்கு வாங்க" என்றார் பூசாரி.

அப்பா கும்பிட்ட கையை இறக்கினார். "அம்மா வாயத் தொறக்க மாட்டீங்கறா. அதுக்கு மேல என்ன கேக்கறது?" என்று சொல்லிவிட்டு வெளியே வந்து செருப்பை மாட்டினார். வழியில் நான் மிட்டாய் கேட்டேன். வாங்கித் தந்தார். என் தலையைத் தடவிக்கொண்டே நடந்தார். அது எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அவர் மனதில் என்ன முடிவாகிக்கொண்டிருந்தது என்று எனக்கு என்ன தெரியும்?

வீட்டுக்கு வந்ததும் அம்மாவிடம், "நிறுத்திக்கலாம்" என்றார்.

"எத?"

"கல்யாணத்த."

"உங்களுக்கென்ன பித்துப் புடிச்சுப் போச்சா? அவங்களே ஒண்ணும் சொல்லல. நீங்க யாருங்க நிறுத்தறதுக்கு?"

"நான் வெச்ச உப்பு அது. என்ற கையில வெச்சது. நாளைக்கு அவ அங்க போயி அழுதான்னா நான் உசுரோட இருப்பனா?"

அத்தை அடுக்களையிலிருந்து வந்து நின்றாள். கையில் மாவு. "அண்ணா, நா ஒண்ணு கேக்கட்டுங்களா?"

"கேளு சாமி."

"உப்பக் கேட்டீங்க. பூவக் கேட்டீங்க. என்னய…" மாவுக் கையோடு அப்படியே நின்றாள்.

அப்பா அவளை நிமிர்ந்து பார்க்கவில்லை. "உன்ற நல்லதுக்குத்தான் சாமி" என்றார். அதைக் கெஞ்சுகிற மாதிரிதான் சொன்னார். அதட்டியிருந்தாலாவது அவள் எதிர்த்துப் பேசியிருப்பாளோ என்று இப்போது தோன்றுகிறது. அண்ணன் கண்ணில் தண்ணீரைப் பார்த்தபின் அவளுக்கு வாய் எழவில்லை.

நிறுத்திவிட்டோம் என்ற தாக்கல் போய்ச் சேர்ந்ததும் மாப்பிள்ளையின் அம்மா தனியாகப் பஸ் ஏறி வந்துவிட்டார். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டே உள்ளே வந்து, பாயில் உட்காராமல் நின்றபடியே கேட்டார்.

"ஏனுங்க சாமி, எங்க மேல ஏதாச்சும் கொறையுங்களா?"

"அய்யோ, அப்படியெல்லாம் இல்லீங்க."

"பையன் மேல?"

"தங்கமுங்க உங்க பையன்."

"பொறவென்னுங்க? அந்தக் கெழவி ஒரு பேச்சுப் பேசிப்போட்டா. அவ எந்தக் கல்யாணத்துல வாய வெச்சுட்டுச் சும்மா இருந்தா? எங்களுக்குப் பொண்ணப் புடிச்சிருக்குது. பையன் தறிக்குப் போனா நூலு அறுந்தது தெரியாம நிக்கறானுங்க."

"நாளைக்கு ஒண்ணுன்னா என்னால தாங்க முடியாதுங்க அம்மா."

"நாளைக்கு ஒண்ணு ஆவாத ஊடு எங்கீங்க இருக்குது?"

அப்போது அத்தை ஒரு சொம்பில் மோர் கொண்டுவந்தாள். தலை குனிந்தபடியே அவரிடம் நீட்டினாள். நீட்டுவதற்கு முன்னால், இடுப்பில் செருகியிருந்த சிறு பொட்டலத்தைப் பிரித்து, இரண்டு விரலால் எடுத்து, மோரின் மேல் தூவினாள். அவசரப்படாமல், உயரத்திலிருந்து, எனக்குக் கிழங்குக்குத் தூவுவது போலவே. அப்பா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த அம்மா சொம்பைப் பார்த்தார். பிறகு அத்தையின் முகத்தைப் பார்த்தார். ஒரே மூச்சில் குடித்துவிட்டு, வெறும் சொம்பைத் திருப்பிக் கொடுக்கும்போது அத்தையின் கையை விடவில்லை.

"பொண்ணு சொல்லிப்போட்டா. உங்களுக்குத்தானுங்க கேக்கல" என்றார் அப்பாவிடம்.

அப்பா எழுந்து அந்த அம்மாவின் காலைத் தொடப் போனார். அவர் பின்னால் நகர்ந்துகொண்டார். வாசலில் செருப்பை மாட்டும்போது, "வாரேன் கண்ணு" என்று அத்தையைப் பார்த்து மட்டும் சொன்னார். வரவில்லை. அந்தத் தையிலேயே மகனுக்கு வேறு இடத்தில் முடித்தார்கள் என்று கேள்வி. அந்த வீட்டில் ஒரு கெட்டதும் நடக்கவில்லை. பேரன் பேத்தி எடுத்து நன்றாகத்தான் இருந்தார்கள். நம் வீட்டில்தான் அதற்கப்புறம் நல்லது நடக்கவில்லை.

அன்று சாயங்காலம் அத்தை அடுப்புமேடைக்கு மேல் இருந்த டப்பாக்களை எல்லாம் இறக்கினாள். கட்ச், ராஜஸ்தானம், பஞ்சாப், தூத்துக்குடி எல்லாவற்றையும் முந்தானையில் கொட்டிக்கொண்டு போய் எருமைத் தொட்டியில் தவிட்டோடு கலக்கினாள். எருமை மூக்கு வரைக்கும் முக்கிக் குடித்தது, தொட்டியை நக்கியது, நிமிர்ந்து இன்னும் வேண்டும் என்பது போல அவளைப் பார்த்தது. நான் அழுதேன். எனக்கு அந்த ரோஜா நிறக் கல் போய்விட்டதே என்ற வருத்தம். அத்தை என்னைத் தூக்கவில்லை, திட்டவும் இல்லை. அன்றைய குழம்பில் கல் உப்பைக் கை நிறைய அள்ளிக் கொதியிலேயே போட்டாள். அப்பா அதைச் சாப்பிட்டார். உப்பு கரித்தது என்று அன்றைக்கும் சொல்லவில்லை, சாகிற வரைக்கும் சொல்லவில்லை. அவர் சொல்லாததால் வீட்டில் வேறு யாரும் சொல்லவில்லை. நீங்கள் பிறந்து வந்துதான் சொன்னீர்கள்.

வேறு இடங்கள் வராமல் இல்லை. வருகிறவர்கள் எல்லாம், உப்புச்சர்க்கரை மாற்றிய பிறகு ஏன் நின்றது என்று கேட்டார்கள். பெண் வீட்டாரே நிறுத்தினார்கள் என்றால் யார் நம்புவார்கள்? அவரவர் இஷ்டத்துக்குக் காரணம் கட்டினார்கள். சில வருடத்தில் கேட்பதற்கும் ஆள் வரவில்லை. அப்பா உப்பு லோடு எடுப்பதை விட்டுவிட்டார். முட்டை லோடு, இரும்பு லோடு என்று எதையோ ஓட்டினார். அத்தைக்கு எந்த ஊரிலிருந்தும் எதையும் வாங்கி வரவில்லை. என்ன வாங்குவதென்று அவருக்குத் தெரியாமல் போயிருக்கும்.

நீங்கள் பிறப்பதற்கு முன்னால், பட்டறை வேலையாக நான் ஒருமுறை தூத்துக்குடி போனேன். உப்பளத்து வண்டி ஒன்றுக்குப் பலகை மாற்ற வேண்டியிருந்தது. சாயங்காலம் பாத்தி வரப்பில் நடந்தபோது அந்த ஏட்டைப் பார்த்தேன். தண்ணீரின் மேல் லேசாக, ரோமம் மாதிரி நடுங்கிக்கொண்டு இருந்தது. வழித்துக்கொண்டிருந்த ஒரு அக்காவிடம் கொஞ்சம் ஊருக்குக் கொண்டு போகட்டுமா என்று கேட்டேன். "கொண்டு போங்க. மழ ஈரத்துல மட்டும் தொறந்து வச்சிராதிய. பாத்திக் கசப்பு இதுல அப்படியே ஒட்டியிருக்கும்லா, காத்துல இருக்கற ஈரத்தையெல்லாம் குடிச்சுத் தண்ணியாப் போயிரும்" என்றாள். சும்மா, பஸ் எத்தனை மணிக்கு என்று சொல்வது போலச் சொன்னாள். நான் கொண்டுவரவில்லை.

ஊருக்கு வந்ததும் அப்பாவிடம் சொன்னேன். அப்போது அவர் வண்டி ஓட்டுவதை விட்டுக் கட்டிலில் படுத்துவிட்டார். "அப்பா, அந்த உப்பே அப்படித்தானுங்களாமா. ஈரத்துக்குக் கசியற உப்பு. வேற ஒண்ணுமில்லீங்க."

அவர் கண்ணைத் திறக்காமல், "தெரியும்" என்றார்.

"தெரியுமா?"

"தார்ப்பாய் கிழிஞ்ச லோடு மழையில எப்படி ஒழுகும்னு எனக்குத் தெரியாதாடா? எத்தன லோடு ஒழுகி மொதலாளிகிட்டத் திட்டு வாங்கியிருக்கறேன்."

"பொறவு ஏனுங்கப்பா?"

அவர் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தார். "எங்கம்மா சாவறப்ப உன்ற அத்தையத் தூக்கி என்ற மடியில போட்டுட்டுப் போயிட்டா. பால் பல்லுகூட விழாத புள்ள. தெரிஞ்சவனுக்குப் பயம் வராதுன்னு நெனைக்கறயா? அந்தத் துணிய எடுத்தப்ப எனக்கு உப்பாத் தெரியலடா. அவ மூஞ்சியாத் தெரிஞ்சுது."

பக்கத்து அறையில் அத்தை முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். அந்தச் சத்தம் நின்றது. நான் எழுந்து போய்ப் பார்க்கலாமா என்று நினைத்தேன். போகவில்லை. கொஞ்ச நேரத்தில் முறத்தின் சத்தம் மறுபடியும் கேட்டது. அன்றைக்குச் சாயங்காலம் அவள் அப்பாவுக்குக் கஞ்சி கரைத்து, தலையைத் தன் தோளில் சாய்த்து, எப்போதும்போல ஊட்டினாள். எப்போதும்போல உப்பு அதிகம். அவரும் எப்போதும்போலக் குடித்தார்.

அவர்கள் இரண்டு பேரில் யார் யாரை மன்னித்தார்கள், மன்னிக்கவில்லை என்று எனக்குத் தெரியாது. அப்பா கெட்டவர் இல்லை. உங்களிடம் அதைச் சொல்லியாக வேண்டும். அவரைப் போலத் தங்கையிடம் உயிராக இருந்த அண்ணனை நான் பார்த்ததில்லை. அந்தப் பாசம்தான் அவளை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

போன ஐப்பசியில் அத்தை போனபோது நீங்கள் இருவரும் வந்தீர்கள். பங்காளி வீட்டுப் பெரியவர்கள், "கல்யாணம் ஆவாத கட்டை. புருசன், புள்ளைன்னு யாருமில்ல. மூணாம் நாளே முடிச்சுக்கலாம். மொட்டையெல்லாம் வேண்டியதில்ல" என்றார்கள். அதுதான் வழக்கம். நான்தான் கொள்ளி வைத்தேன். அவர்கள் சொன்னபடியே எல்லாம் முடிந்தது. நீங்களும் லீவு இல்லையென்று கிளம்பிப் போனீர்கள். அதில் எனக்கு வருத்தம் இல்லை.

பொங்கலுக்கு வந்தபோது என் தலையைப் பார்த்து, இதென்னப்பா முடி இப்பத்தான் முளைத்த மாதிரி இருக்கிறதே என்று கேட்டீர்கள். வேண்டுதல் என்று சொன்னேன். வேண்டுதல் இல்லை.

காரியம் முடிந்து நீங்கள் போன பிறகு ஒருநாள் பட்டறைக்குப் போகிறேன் என்று உங்கள் அம்மாவிடம் சொல்லிவிட்டுப் பஸ் ஏறிக் காவிரிக் கரைக்குப் போனேன். படித்துறையில் ஒரு நாவிதர் உட்கார்ந்திருந்தார். அவருக்கு முன்னால் போய்ச் சட்டையைக் கழற்றி வைத்துவிட்டு உட்கார்ந்தேன். தலையில் தண்ணீர் தெளித்து, "அம்மாவுக்குங்களா, அப்பாவுக்குங்களா?" என்றார்.

"அத்தைக்கு."

எடுத்த கத்தி நின்றது. "அத்தைக்கெல்லாம் எடுக்கறதில்லீங்களே" என்றார்.

"எடுங்க. மீசையும்" என்றேன். தலையைக் குனிந்துகொண்டேன்.